அத்தியாயம் 6: நாமக்கல் வகுப்பறையிலிருந்து வெளிநாட்டுப் பள்ளிக்கு

ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல், சேலம் வட்டாரத் தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். காலை ஸ்டடியில் தொடங்கி இரவு ஸ்டடியில் முடிகிற நாள், தினமும் ஸ்லிப் டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமையும் மடியில் விடைத்தாள் கட்டு. இந்த உழைப்பால்தான் ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு நம் பகுதி பெயர் வாங்கியது. 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நீட்டும் வந்தது. பள்ளிகள் தங்கள் பாதையை மாற்றிக்கொண்டன. ஆசிரியரின் வேலை நேரம் மட்டும் குறையவில்லை.

பத்து, பதினைந்து ஆண்டு இப்படி உழைத்தவருக்குப் பாடம் தண்ணீர்பட்ட பாடு. புத்தகத்தைத் திறக்காமலே கரிம வேதியியல் முழுவதையும் நடத்துவார். அந்தப் பாட அறிவுக்கு வெளிநாட்டில் மதிப்பு உண்டா என்று கேட்டால், உறுதியாக உண்டு. ஆனால் பாட அறிவு மட்டும் விமானம் ஏற்றிவிடாது. ஏஜென்டுக்குக் கட்டும் பணமும் ஏற்றிவிடாது. கிளம்புவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, இந்த ஊரில் இருந்துகொண்டே செய்யும் தயாரிப்புதான் வேலை வாங்கித் தரும். முதலில் காகிதங்களைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து, பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசியாக, ஒப்பந்தத்தைப் படித்துப் பேசத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வரிசை முக்கியம். பலரும் விண்ணப்பம் போடுவதிலிருந்து தொடங்குவதால்தான் கையில் வந்த வேலை காகிதத்தில் சிக்கி நழுவுகிறது.

எந்தப் பள்ளிக்குப் போகிறீர்கள்?

வெளிநாட்டுப் பள்ளி என்று பொதுவாகச் சொன்னாலும் நமக்கு எட்டக்கூடியவை மூன்று வகை.

முதலாவது, இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள். சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற பள்ளிகள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கின்றன, பெரும்பாலானவை வளைகுடாவில். பாடத்திட்டம் பழக்கமானது, சக ஆசிரியர்களும் நம்மவர்கள். வேலை கிடைப்பது ஒப்பளவில் எளிது, சம்பளம் ஒப்பளவில் குறைவு. அமீரகத்தில் இந்தப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்கும்.

இரண்டாவது, மாலத்தீவு. அங்கே அரசுப் பள்ளிகளிலேயே இந்திய ஆசிரியர்கள் நீண்ட காலமாக வேலை பார்க்கிறார்கள். ஆங்கில வழிக் கல்வி, கேம்பிரிட்ஜ் தேர்வுகள். தலைநகர் மாலேயை விட்டுத் தள்ளி, சில நூறு பேர் மட்டும் வாழும் தீவில் நியமனம் கிடைக்கலாம். சம்பளம் ரூஃபியாவில் வரும். ஊருக்கு அனுப்பும் டாலருக்கு வங்கிகள் வரம்பு வைத்திருப்பதால், மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை அங்கே இப்போது வேலை பார்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் அல்லது ஐ.பி. பாடத்திட்டம் நடத்தும் பன்னாட்டுப் பள்ளிகள். வளைகுடாவிலும், தாய்லாந்து, வியட்நாம் போன்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும், ஆப்பிரிக்க நாடுகளிலும் இவை இருக்கின்றன. வழக்கமாக இரண்டு ஆண்டு ஒப்பந்தம். தங்குமிடம் அல்லது வாடகைப் படி, ஆண்டுக்கொரு விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை ஆகியவை சேர்ந்து வரும். கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்தால் ஒரே வீட்டில் இருவரை வைக்கலாம் என்பதால் பள்ளிகள் விரும்பி எடுக்கும். நம் பகுதியில் ஆசிரியத் தம்பதிகள் நிறைய. இதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கசப்பான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 'தாய்மொழி ஆங்கிலம் உள்ளவர் மட்டும்' என்று விளம்பரத்திலேயே போடும் பள்ளிகள் உண்டு. சில நாடுகளின் விசா விதிகளும் அதற்குத் துணை போகின்றன. ஆங்கில ஆசிரியர்களையும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களையும் இந்தப் பாகுபாடு அதிகம் தாக்கும்; கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஆசிரியர்களை அந்த அளவுக்குத் தாக்குவதில்லை. மனம் தளர வேண்டாம். அப்படிப்பட்ட பள்ளிகளைத் தாண்டிப் போய், உங்கள் பாடத்துக்கு ஆள் தேடும் பள்ளியில் நேரத்தைச் செலவிடுங்கள்.

முதல் வேலை: பெயர்

எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். பட்டத்தில் அதுவே முன்னால் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே விடப்பட்டிருக்கும். நம் ஊரில் இதனால் எந்தத் தொல்லையும் வராது. வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு அவை நான்கு வெவ்வேறு ஆட்கள்.

2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருந்த எத்தனையோ தமிழர்களுக்கு அந்த நாட்கள் பெரும் பதற்றம். ஆகவே பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து, பெயர் ஓரிடமும் தந்தை அல்லது கணவர் பெயர் ஓரிடமுமாக இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கும்படி செய்யுங்கள். சேலத்தில் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் திருத்திக்கொள்ளலாம். சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்கள் உங்கள் கைக்கு வர வேண்டும்

வேலைக்குச் சேரும்போது ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில தனியார் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் நிலை அதுவானால், பொதுத்தேர்வு முடிந்து பள்ளியில் பரபரப்பு அடங்கும் ஏப்ரல் மாதம் கேட்பதற்கு ஏற்ற நேரம். வாய்வார்த்தையாகக் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்த பள்ளியில் சேரும்போது நகலை மட்டும் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நம் வீடுகளில் மார்க் ஷீட் கைக்கு வந்ததும் லேமினேஷன் கடைக்குத்தான் முதலில் போவோம். ஆனால் சான்றொப்ப முத்திரைகள் அசலின் பின்பக்கத்தில்தான் விழ வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை நிற்காது. ஏற்கெனவே செய்திருந்தால், பல்கலைக்கழகத்திலோ அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலோ நகல் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்பதையும் கவனியுங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது 1997-ல். அதற்கு முன் இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பி.எட். படிப்புக்கென்று தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-ல் வந்தது. அதனால் ஒரே ஆசிரியரின் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் இரண்டு வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கையெழுத்தோடு இருக்கும். உண்மைத்தன்மைச் சான்று கேட்கும் நாடுகளுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியே வாங்க வேண்டும். பட்டமோ பி.எட்.டோ தொலைதூரக் கல்வியில் படித்ததென்றால், போகும் நாடு அதை ஏற்குமா என்பதை நேர்காணலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி முத்திரை. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டுக்குப் போவதானால், மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டுச்சீட்டும் போதும். ஓமன் 2012-லும் சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் இந்த வட்டத்துக்குள் வந்தன. அமீரகம் போன்ற நாடுகளுக்கு அது போதாது. அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரக முத்திரையும், அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வேண்டும். பட்டம், பி.எட்., திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று நான்கையும் ஒரே தடவையில் அனுப்பினால் செலவும் அலைச்சலும் குறையும்.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்திய பாடம், வகுப்புகள், முழுநேரப் பணி என்ற விவரம், பள்ளியின் இணைப்பு எண், முதல்வரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கட்டும். 'நன்னடத்தை உடையவர்' என்ற ஒற்றை வரிச் சான்று வெளிநாட்டில் செல்லாது. காவல்துறைத் தடையின்மைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவை வழியாக வாங்கலாம். அதற்கு ஆயுள் குறைவு என்பதால் வேலை உறுதியான பிறகு விண்ணப்பித்தால் போதும்.

பாடம் நடத்தும் முறை: முட்டை ஓட்டில் தொடங்குங்கள்

நம் பள்ளிகளில் வினைவேகத்தை எப்படி நடத்துவோம்? வரையறையைக் கரும்பலகையில் எழுதுவோம். வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகளை வரிசையாகச் சொல்வோம். புக் பேக் கேள்விகளை முடிப்போம். ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்போம். மறுநாள் காலை டெஸ்ட். மாணவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்.

பன்னாட்டுப் பள்ளியின் மாதிரி வகுப்பில் இதையே நடத்தினால், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் முதல்வர் பத்தாவது நிமிடம் குறிப்பேட்டை மூடிவிடுவார். மாணவர் என்ன யோசித்தார், எதைக் கணித்தார், எங்கே தவறிப்போய்த் திருத்திக்கொண்டார் என்பதைத்தான் அவர் பார்க்க வந்திருக்கிறார்.

அதே பாடத்தை நாமக்கல் முட்டையை வைத்து நடத்திப் பாருங்கள். முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். காய்ந்த ஓட்டை ஒரு பங்கு பெரிய துண்டுகளாகவும், ஒரு பங்கு பொடியாகவும் ஒரே எடையில் எடுங்கள். இரண்டு குடுவைகளில் ஒரே அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றுவதற்கு முன் கேளுங்கள்: "எது முதல்ல நுரைக்கும்? ஏன் அப்படி நினைக்கிறீங்க?" மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். பிறகு அமிலத்தை ஊற்றி, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போடட்டும். இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று சீக்கிரம் ஏறியிருக்கும். "கடைசி உயரம் ஏன் ஒண்ணாவே இருக்கு?" என்ற கேள்விக்கு அவர்களே விடை காணும் வரை நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். நமக்குக் கடினமான பயிற்சி அந்த மௌனம்தான். விடையை உடனே சொல்லிக்கொடுத்துப் பழகிய நாக்கு இரண்டு நிமிடம் அடங்காது. ஸ்டடி நேரத்தில் வாரம் ஒரு பாடத்தையாவது இப்படி நடத்திப் பழகுங்கள். சிலபஸ் முடிக்கும் வேகம் கெடாமலே இதைச் செய்ய முடியும்.

கூடவே கேள்வித்தாள்களைப் படியுங்கள். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டங்களும் பழைய வினாத்தாள்கள் சிலவும் விடைத் திட்டங்களோடு இலவசமாகவே கிடைக்கின்றன. வேதியியலுக்குக் குறியீடு 0620, இயற்பியலுக்கு 0625, உயிரியலுக்கு 0610, கணிதத்துக்கு 0580. வேதியியலில் ஆறாம் தாள் முழுக்கச் செய்முறை அறிவைச் சோதிப்பது. முதலில் அதை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். 'கூறு', 'விவரி', 'விளக்கு', 'கருத்துச் சொல்' என்று ஒவ்வொரு கட்டளைச் சொல்லுக்கும் வேறு வேறு விடையை அவர்கள் எதிர்பார்ப்பது விடைத் திட்டத்தைப் பார்த்தால் விளங்கும்.

ஐ.பி. டிப்ளமோ வேறு வகை. ஆறு பாடங்களுக்கு ஏழேழு புள்ளி, கூடுதலாக மூன்று, மொத்தம் 45. வேதியியலில் 20 சதவீத மதிப்பெண், மாணவர் தானே கேள்வி எழுப்பி, சோதனை செய்து, 3,000 சொல்லுக்குள் எழுதும் ஆய்வறிக்கைக்கு. ஆசிரியர் வழிகாட்டலாம், எழுதிக்கொடுக்கக் கூடாது. விலையுயர்ந்த ஆன்லைன் சான்றிதழ்களில் பணத்தைப் போடுவதற்கு முன், இந்தப் பாடத்திட்டங்களைப் படிப்பதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். நேர்காணலில் உங்களைத் தூக்கி நிறுத்துவது அதுதான்.

நடுப்படி ஒன்று இருக்கிறது

விடுதிப் பள்ளியிலிருந்து நேராகப் பெரிய பன்னாட்டுப் பள்ளிக்குத் தாவுவது கடினம். இடையில் இரண்டு ஆண்டு, இந்தியாவிலேயே ஐ.பி. அல்லது கேம்பிரிட்ஜ் பள்ளி ஒன்றில் வேலை பாருங்கள். 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-லேயே ஐ.பி. பாடத்திட்டத்தை எடுத்து, இந்தியாவில் அதை நடத்திய முதல் பள்ளியானது. இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இத்தகைய பள்ளிகள் உண்டு. சேலத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூரில் இன்னும் அதிகம். சம்பளம் பெரிதாக ஏறாவிட்டாலும், 'ஐ.பி. அனுபவம் இரண்டு ஆண்டு' என்ற ஒரு வரி உங்கள் விண்ணப்பத்தை வேறு அடுக்குக்குக் கொண்டுபோய்விடும். குடும்பத்தை விட்டுப் பிரிந்து வாழ முடியுமா என்பதும் சனிக்கிழமை பஸ் ஏறினால் வீடு வரும் தூரத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் ஆசிரியத் தகுதியான க்யூ.டி.எஸ்.ஸுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்களும் விண்ணப்பிக்க வழி திறந்திருக்கிறது. கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயதினருக்கு நடத்தத் தகுதி பெற்றவர்களுக்கு அது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அந்தத் தகுதி கிடைத்தால் இங்கிலாந்து விசாவே கிடைத்ததாக ஆகாது. ஆனால் பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகள் எந்த நாட்டில் இருந்தாலும் அதை மதிக்கும்.

விண்ணப்பம், பரிந்துரை, நேர்காணல்

ஆகஸ்டில் ஆண்டு தொடங்கும் பள்ளிகள் அக்டோபரிலிருந்தே ஆள் தேடும். ஜனவரி, பிப்ரவரியில் வேகம் உச்சத்தில் இருக்கும். சர்ச் அசோசியேட்ஸ், ஐ.எஸ்.எஸ்., டெஸ் போன்ற தளங்கள் வழியாகவும், பள்ளிகளின் சொந்த இணையப் பக்கங்கள் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். மார்ச்சில் பொதுத்தேர்வு முடித்துக்கொடுத்து, மே மாதம் முறையாக விடைபெற்று, ஆகஸ்டில் சேர்வது நம் கல்வியாண்டோடு நன்றாகப் பொருந்துகிறது. பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

பன்னாட்டுப் பள்ளிகள் உங்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குவதோடு நிற்பதில்லை. உங்கள் முதல்வருக்கே நேரடியாகப் படிவம் அனுப்பும். 'இவரைக் குழந்தைகளோடு வேலை செய்ய மறுபடி எடுப்பீர்களா?' என்று கேட்கும். பதில் பள்ளியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். ஆகவே உங்கள் முதல்வரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். "மேடம், இப்படி ஒரு ஃபார்ம் வருமுங்க. ஸ்கூல் மெயில் ஐ.டி.யில இருந்து நீங்களே நிரப்பி அனுப்பணும்" என்று விளக்கிச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் விண்ணப்பித்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

நேர்காணலில் குழந்தைப் பாதுகாப்பு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். வீட்டில் அடிக்கிறார்கள் என்று ஒரு மாணவி உங்களிடம் வந்து சொல்கிறாள், என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன் என்பது அவர்கள் எதிர்பார்க்கும் விடை அல்ல. அமைதியாகக் கேட்பேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், துருவித் துருவிக் கேட்க மாட்டேன், அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்து, அன்றைக்கே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பேன் என்பதுதான் சரியான விடை. உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே இந்தியாவிலும் தடை செய்துவிட்டது. பிரம்பைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை வாய்தவறி வந்தால்கூட நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். மனதிலும் அது இல்லாதிருப்பதே பாதுகாப்பு.

ஆங்கிலம் பற்றிப் பயப்பட வேண்டாம். உச்சரிப்பை மாற்ற முயல்வதைவிட வேகத்தைக் குறையுங்கள். ஒரு பாடத்தை ஆங்கிலத்தில் பத்து நிமிடம் நடத்தி, போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எங்கே வாக்கியம் முடியாமல் தொங்குகிறது என்பது காதுக்கே தெரியும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்; அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். இரண்டு பள்ளிகள் மாதம் 6,000 திர்ஹாம் தருவதாகச் சொல்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அடிப்படை 4,000. மற்றதில் 2,400, மீதி எல்லாம் படிகள். முதல் பள்ளியில் ஆண்டுக்குப் பணிக்கொடை 2,800 திர்ஹாம், இரண்டாவதில் 1,680. ஐந்து ஆண்டில் வித்தியாசம் 5,600 திர்ஹாம். மாதச் சம்பளத்தில் இது தெரியவே தெரியாது.

கேட்க வேண்டிய மற்றவை: தகுதிகாண் காலம் எத்தனை மாதம் (அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது), கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, தங்குமிடம் தனியா, பகிர்ந்தா, காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா, இடையில் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்ன. குடும்பத்தை அழைத்துப் போக நினைப்பவர்கள், அமீரகத்தில் அதற்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் குறைந்தபட்சத் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள். விசா, ஆள்சேர்ப்புச் செலவுகளை முதலாளிதான் ஏற்க வேண்டும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அங்குள்ள சட்டம் சொல்கிறது.

ஏஜென்ட் பேசும்போது

"சார், விசிட் விசால போயிருங்க. அங்க போய் ரெண்டு மாசத்துல மாத்திக்கலாமுங்க." இந்தப் பேச்சைக் கேட்டதும் போனை வைத்துவிடுங்கள். 2022-ல் தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிக் கிளம்பிய தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கியதும், அரசு தலையிட்டு மீட்டு வந்ததும் நாம் அறிந்ததே. படித்தவர்களும் ஏமாந்தார்கள்.

1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது. அங்கேயும் பதிவு செய்து வையுங்கள். எந்த ஏஜென்ட் சொன்னாலும், பள்ளியின் இணையப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அப்படியொரு காலியிடம் உண்டா என்று கேளுங்கள்.

பணமும் வரியும்

ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், வேலைக்காக வெளிநாடு போனவர் பொதுவாக அந்த ஆண்டுக்கு வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்படுவார். ஆகஸ்ட் 15-ல் கிளம்பினால் ஏப்ரல் 1 முதல் 137 நாள் ஆகியிருக்கும். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்கு வந்தாலும் 158 தான். அக்டோபரில் கிளம்பினால் 182-ஐத் தாண்டிவிடும். அந்த ஆண்டு வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டிவரும். கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குங்கள். இந்த வேலை செலவோ சிரமமோ இல்லாதது. ஆனால் பலரும் தள்ளிப்போடுவது.

நிலத்தை அடகு வைத்தோ நகையை விற்றோ கிளம்ப வேண்டிய வேலை இது அல்ல. நியாயமான பள்ளி உங்களிடம் பணம் கேட்காது. முத்திரைச் செலவும், முதல் மாதச் சம்பளம் வரும் வரைக்கான கைச்செலவும் சேமிப்பில் இருந்தால் போதும்.

இரண்டு ஆண்டு அட்டவணை

24 முதல் 19 மாதம் முன்பு: பெயர்த் திருத்தம், பாஸ்போர்ட், அசல் சான்றிதழ்கள் கைக்கு வருதல், நகல் சான்றிதழுக்கு விண்ணப்பம்.

18 முதல் 13 மாதம் முன்பு: கேம்பிரிட்ஜ், ஐ.பி. பாடத்திட்டம் படித்தல், வாரம் ஒரு பாடம் புதிய முறையில், ஆங்கிலத்தில் பதிவு செய்து கேட்டல். நடுப்படியை எடுப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே பள்ளி மாறி, அட்டவணையின் மீதியை இரண்டு ஆண்டு தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

12 முதல் 9 மாதம் முன்பு: இரண்டு பக்க விண்ணப்பம், முதல்வரிடம் பேசுதல், உண்மைத்தன்மைச் சான்று, மாநில, மத்திய முத்திரைகள்.

8 முதல் 5 மாதம் முன்பு: நேர்காணல்கள், ஒப்பந்தப் பேச்சு, பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் இருவரிடமாவது விசாரித்தல்.

4 மாதம் முன்பிலிருந்து: முறையான விலகல் கடிதம், அனுபவச் சான்று, காவல்துறைச் சான்று, தூதரக முத்திரை, வங்கிக் கணக்கு, அயலகத் தமிழர் நலவாரியத்தில் பதிவு.

இவற்றில் முதல் ஆறு மாத வேலைகளுக்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். வெளிநாடு போவதென்று இன்னும் முடிவு செய்யாதவரும் அவற்றைச் செய்து வைக்கலாம். அசல் சான்றிதழ்கள் கையில், குறையில்லாத பாஸ்போர்ட், மாணவரை யோசிக்க வைக்கும் ஒரு வகுப்பு: இந்த மூன்றும் உள்ள ஆசிரியர் நாமக்கல்லிலேயே இருந்தாலும் அடுத்த சம்பளப் பேச்சில் தலைநிமிர்ந்து உட்காருவார். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்தி முடித்ததும், காகிதங்களை மேசையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, எதை எங்கே திருத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அடுத்த அத்தியாயத்தில் விண்ணப்பத்தின் இரண்டு பக்கங்களையும் வரிவரியாக எழுதுவோம். அந்தத் தாள் அப்போது உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.